கார்த்திகைக்கு இருந்தது, மாசிக்குக் காணோம்

என் ஆசை மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

நீ போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் என்றால் ஒரு படத்தைப் போட்டு, கீழே நாலு வரி அச்சடித்து, ஊர் முழுக்க ஒட்டிவிடுவார்கள். உனக்குத்தான் தெரியுமே, நான் எதை நாலு வரியில் சொல்லி முடித்திருக்கிறேன்? அதனால் உனக்கு எழுதுகிற கடிதத்தையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஊரார் படிக்கட்டும். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிற தமிழ்தான் இது. ஆனால் அந்த எட்டாவதை நான் இரண்டு தடவை படித்தவன். அவ்வளவு ஆழமாக அதைப் படித்த ஆள் மரக்காணத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

முதலில் வீட்டு நிலவரம். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி அஞ்சலை, நன்றாக இருக்கிறாள். முட்டி வலி மட்டும் அப்படியேதான். உன் மகள் கலைவாணி புதுச்சேரியில் விடுதியில் தங்கி இயற்பியலில் மேல்படிப்பு படிக்கிறாள். அந்தப் படிப்புக்கு அவளைச் சேர்த்ததே நான்தான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ மறுத்துப் பேச வரப்போவதில்லை என்கிற தைரியம்.

உப்பளம் மறுபடி வெளுத்துவிட்டது, மாப்பிள்ளை. சுனாமியில் கடல் உள்ளே கொண்டுவந்து போட்ட சேற்றையெல்லாம் அள்ளி, வரப்பு கட்டி, இந்த வருஷம்தான் பாத்தி பாத்தியாகப் பழைய பளபளப்பு. பகலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. உப்புக்குத் தரம் பார்க்கத்தான் உன்னைப் போல ஆள் இல்லை. தரகர் கோதண்டமே வந்து கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருக்கட்டும், ஏத்துப்பா" என்கிறார்.

இப்போது பெரிய சேதி. உன் நட்சத்திரம் கிடைத்துவிட்டது.

இரு, அவசரப்படாதே. நீ எனக்கு முன்னால் அவசரப்பட்டுத்தான் போய்விட்டாயே. ஊராருக்கும் விளங்க வேண்டுமில்லையா? முதலிலிருந்து வருகிறேன்.

நீ உப்பு பார்க்கிற அழகை நான் எத்தனை ஊரில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? கறுப்புத் துணியை வரப்பில் விரிப்பாய். நல்ல உப்பு என்று தெரிந்த ஒரு பிடி ஒரு பக்கம், மட்டம் என்று தெரிந்த ஒரு பிடி மறுபக்கம். புது உப்பை நடுவில் வைத்து, "இத விட மங்கல், அத விட வெளுப்பு" என்பாய். அவ்வளவுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தனியாக ஒரு பிடியைக் காட்டி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் வாயே திறக்கமாட்டாய். "பக்கத்துல ரெண்ட வெச்சிட்டு கேளு" என்பாய்.

வானத்திலும் அதையேதான் செய்தாய். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கிக் கொடுத்த பைனாகுலர். பிரெஞ்சுக் கப்பல் கேப்டன் ஒருவர் கண்ணீரோடு விற்றுவிட்டுப் போனது அது. இதை நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ டம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே, "மச்சான், போன வாரம் அவரு ஜெர்மன்காரரா இருந்தாரு" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பொழுது சாய்ந்து, உப்பு வாரும் பலகையைக் கழுவி வைத்துவிட்டு, வரப்பில் குந்துவோம். தண்ணீரில் மேற்கு வெளிச்சம் அணைகிற நேரம். வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவே சிவப்பாக ஒன்று இருப்பதை எனக்குக் காட்டினாய். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலரில்தான் தெரியும். எனக்கு முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும், "ஆமாமா, நல்லா தெரியுது, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணும் இருக்குது" என்றேன். நீ பைனாகுலரின் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி என் கையில் கொடுத்தாய்.

கார்த்திகை தீபத்தின்போது அந்தச் சிவப்பு, பக்கத்து வெள்ளை இரண்டுக்கும் நடுத்தரம் என்றாய். பிறகு கடல் வந்தது. அந்த மார்கழியைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். பொங்கலுக்கு, வாருவதற்கு உப்பில்லாத வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு வெள்ளையும் அப்படியே இருக்குது மச்சான். செவப்பு மட்டும் எறங்கிட்டுது" என்றாய். மாசி மகத்துக்கு முன்னால் பார்த்தபோது சிவப்பைக் காணோம்.

நீ மெதுவாகத்தான் சொன்னாய். நான்தான் அதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை சொன்னேன். எங்க மாப்பிள்ளை ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார், அது சாகிறதையும் கண்டுபிடித்தார் என்று. பெருமையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் பூசணம் பிடிக்காதா?

அங்கேதான் வந்தது வினை. கோதண்டம் டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "ஏம்பா தணிகாசலம், நட்சத்திரம் இன்னா மெழுகுவத்தியா அணைஞ்சி போறதுக்கு? உன் மாப்பிள்ளைக்குக் கண்ணு அணைஞ்சிட்டுது. வயசு பூரா உப்ப மொறைச்சிப் பாத்த கண்ணு. செவப்புதான் மொதல்ல போவும்னு வானூர் கண் முகாம்ல எவனோ சொன்னானாம்."

நான் விடுவேனா? "எங்க மாப்பிள்ளை கண்ணு போயிருந்தா நான் மீசைய எடுத்துடறேன்" என்றேன். என் மீசை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கோதண்டத்துக்கு மீசை கிடையாது. அவர், "நட்சத்திரம் மங்கினது நெசம்னா நான் மொட்டை அடிச்சிக்கிறேன்" என்றார். சிரிக்கத்தான் பேசினோம். ஆனால் நீ சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கறுப்புத் துணியை மடித்து உப்பள முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய். "தப்பா தரம் சொல்லிட்டா பாவம் மச்சான்" என்றாய். வானூர் முகாமுக்கு வண்டி வைத்துக் கூப்பிட்டும் வரமாட்டேன் என்றாய். ஏன் மாப்பிள்ளை? கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நல்லதுதானே? இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றா பயந்தாய்? இதைக் கேட்கவேண்டும் கேட்கவேண்டும் என்று நான் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோதே ஆடி வந்துவிட்டது. நெஞ்சு வலி என்றாய். போய்விட்டாய். கண் போனவன் என்று உன்னை நீயே நம்பிக்கொண்டு போனாய் பார், அதுதான் எனக்கும் தங்கச்சிக்கும் ஆறவில்லை. மங்கியது நட்சத்திரமா, உன் கண்ணா? யாரைக் கேட்பது?

கேட்பதற்கு ஒரு இடம் இருக்கிறது என்று இந்த வருஷம் உன் மகள்தான் கண்டுபிடித்தாள். "மாமா, வெளிநாட்ல மலை மேல கேமரா வெச்சி, தெளிஞ்ச ராத்திரி எல்லாம் வானத்தையே படம் புடிச்சிகினே இருக்காங்க. ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்ளோ வெளிச்சம்னு அளந்து இன்டர்நெட்ல போட்டு வெச்சிருக்காங்க. அப்பா பாத்த அதே நாள்ல அந்த கேமராவும் பாத்திருக்கும்" என்றாள். உனக்கு ஒரு சாட்சி இருக்கிறது, மாப்பிள்ளை. அதுவும் வெளிநாட்டுச் சாட்சி.

புதுச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவளோடு நானும் போனேன். பாஸ்வேர்டு ஒன்றும் கேட்காமலே திறந்துவிட்டது. எனக்காகத் திறந்தார்கள் என்று ஊரில் சொல்லி வருகிறேன். அது பொய்யா? எல்லாருக்கும் திறந்தது என்றால் அதில் நானும் உண்டுதானே?

நட்சத்திரத்துக்கும் விலாசம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. கிழக்கு மேற்காக ஒரு எண், வடக்கு தெற்காக ஒரு எண். நீ அவளையும் வரப்பில் உட்கார வைத்துக் காட்டியிருந்தாயே, அந்த இரண்டு வெள்ளை நட்சத்திரத்தை வைத்து வான வரைபடத்தில் சிவப்பின் இடத்தைப் பிடித்துவிட்டாள். அந்த விலாசத்தைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குத் தேட வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. தாராளமாகக் கொடு என்று நான் சொன்னேன். கொடுத்தாள். சந்தையில் "டேய் முருகா" என்று கூப்பிட்ட மாதிரி ஒரு கூட்டமே வந்து நின்றது. பிறகு வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் ஒன்றே ஒன்று.

"ரொம்பப் பளிச்சுனு இருந்தா அந்த கேமராவுக்குக் கண்ணு கூசிடும் மாமா. அளவு தப்பா வரும். இது நடுத்தரம், அதனால தப்பிச்சோம்" என்றாள். கேமராவுக்கே கண் கூசுகிறது. உப்பளத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீ பார்த்த அந்தப் பனிக்காலத்துக்கு மட்டும் கேட்டு, காகிதத்தில் அச்செடுத்தாள். மேலிருந்து கீழாக எண்கள். ஒரு பத்தியில் நாள், அடுத்ததில் வெளிச்சம், அதற்கடுத்ததில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பது, கடைசியில் அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு எழுத்து. நாள் என்றால் தேதி, மாசம் எதுவும் கிடையாது. என்றைக்கோ ஆரம்பித்து நாளை எண்ணிக்கொண்டே வருகிறார்களாம்.

"அப்பா சொன்னது சரியா தப்பா, அத சொல்லு" என்றேன்.

"அவசரப்படாதீங்க மாமா. எந்த வரிய நம்பலாம்னு பாத்து, நாளெல்லாம் சரி பண்ணிட்டுதான் வாயத் தெறப்பேன். அப்பா விஷயம் இல்ல? சனிக்கெழமை ஊருக்கு வர்றேன்" என்றாள். உன் மகள்தான். பக்கத்தில் இரண்டை வைக்காமல் வாயைத் திறக்கமாட்டாள். "ஒரு காப்பி வெச்சிக்கோங்க. யாருக்கும் காட்டாதீங்க" என்று வேறு சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். எனக்கு எண் படிக்கத் தெரியாதா? மேலே இருப்பது கார்த்திகை, கீழே வர வர மாசி. அதை ஊகிக்கப் படிப்பு எதற்கு? மேலே எட்டு சொச்சம். நடுவில் ஒன்பதரை. கீழே பதினொன்று. கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் மூன்று தடவை படித்துவிட்டேன். மாப்பிள்ளை, எண் ஏறுகிறது.

காட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் டீக்கடையில் கோதண்டம் என் முகத்தைப் பார்த்தே கையை நீட்டிவிட்டார். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் உப்பளக்காரர்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறவர்கள். காகிதம் கை மாறிக் கை மாறிப் போனது.

"கடல் தண்ணி மூணு டிகிரி. வெயில்ல வத்தி இருபத்தஞ்சி ஆச்சின்னா உப்பு கூடுதா கொறையுதா?" என்று கோதண்டம் கேட்டார்.

"கூடும்" என்றார்கள் எல்லாரும். நானும்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? பிறந்ததிலிருந்து எண் ஏறினால் நல்லது என்று பார்த்த கூட்டம்.

"அப்ப வெளிச்சம் கூடிகினே போயிருக்குது. கூடினது உன் மாப்பிள்ளைக்குக் கொறைஞ்சதா தெரிஞ்சிருக்குது. பாவம்" என்று காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

நேரே சலூனுக்குப் போனேன். சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, வேணாண்ணே, ஊரே அடையாளம் சொல்ற மீசைண்ணே" என்றார். சொன்ன சொல் சொன்னதுதான் என்றேன். மீசை போகும்போது சலூனில் அழுகுரல் கேட்டது. அழுதது சலூன்காரர் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அஞ்சலை முறத்தோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பந்தயம் அவளுக்கும் தெரியுமே. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "விடுண்ணா. கண்ணு போனா மனுஷன் போயிடுவாரா?" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். நான் காபி கூடக் கேட்காமல் திரும்பினேன். நான் பேசாமல் இருந்த வாரம் என்று ஒன்று மரக்காணத்துச் சரித்திரத்தில் இருக்குமானால் அது அந்த வாரம்தான்.

சனிக்கிழமை கலைவாணி பஸ்ஸை விட்டு இறங்கினாள். என் எதிரே வந்தும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா? மீச எங்க?"

சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள், மாப்பிள்ளை. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"மாமா, வானத்துக் கணக்கு தலைகீழ். இருக்கறதுலயே பளிச்சுனு இருக்கறத ஒண்ணாம் தரம்னு வெச்சான் அந்தக் காலத்துல. அதுக்குக் கொறைச்சல் ரெண்டாம் தரம். பள்ளிக்கூடத்துல ரேங்க் போடறாப்பல. எண் ஏற ஏற மங்கல். எட்டுல இருந்து பதினொண்ணுக்குப் போயிருக்குது. அப்பா பைனாகுலர்ல பதினொண்ணு தெரியவே தெரியாது. காணோம்னாரு இல்ல? காணாமதான் போயிருக்குது. நம்பற வரிய மட்டும் எடுத்துப் பாத்துட்டேன். அந்த ரெண்டு வெள்ளைக்கும் எடுத்துப் பாத்தேன். ரெண்டும் அசையவே இல்ல."

ரேங்க் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காதா? நான் படிக்கிற காலத்தில் எவ்வளவு பெரிய ரேங்க் எல்லாம் வாங்கியவன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சிவப்பு சாகவில்லையாம். மங்கி மங்கித் திரும்புகிற ஜாதியாம். அடுத்த பனிக்காலத்துக்கும் எண்களை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பதினொன்றிலிருந்து மெல்ல இறங்கி மறுபடி எட்டுக்கு வந்திருக்கிறது. நீ போன பிறகு வந்த கார்த்திகை. நாங்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கார்த்திகை வரை நீ இருந்திருந்தால் போதுமே. ஏன் இருக்கவில்லை?

சேதி எனக்கு முன்னால் டீக்கடைக்குப் போய்விட்டது. எப்படிப் போகாமல் இருக்கும், வழியெல்லாம் கத்திக்கொண்டு போனது நான்தானே. சாயங்காலம் கோதண்டம் உன் வீட்டுக்கே வந்துவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சலை முன்னால் நின்றார்.

"தங்கச்சி, நான் சொன்னது சொன்னதுதான். நாளைக்குக் காலைல மொட்டை அடிச்சிக்கிறேன்."

அஞ்சலை, "வேணாங்க. ஏற்கெனவே இங்க ஒருத்தர் மூஞ்சியப் பாக்க சகிக்கல" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. அதற்காக இன்னொரு மீசை இருந்தாலும் எடுத்திருப்பேன்.

கோதண்டம் போனார். கலைவாணி குளிக்கப் போனாள். அஞ்சலை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவள், எண்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினாள்.

"அண்ணா, அப்ப அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா. கேமராவும் அவரும் ஒண்ணாதான் பாத்திருக்காங்க."

அவள் விரல் கடைசி எண்ணில் வந்து நின்றது. பிறகு சொன்னாள்: "கடைசி நாள் மத்தியானம் கஞ்சி குடுக்கறேன். குடிக்காம என் மூஞ்சியையே பாத்துகினு இருக்காரு. உத்து உத்துப் பாக்கறாரு. கண்ணு தெரியல, யாருன்னு தேடறாருன்னு நெனச்சிகினு, நான்தான் அஞ்சலை, நான்தான் அஞ்சலைன்னு சொல்லிகினே இருந்தேன். அவரு சிரிச்சாரு."

காகிதத்தை நான்காக மடித்தாள்.

"தெரிஞ்சிதான் பாத்திருக்காரு, இல்லண்ணா?"

மாப்பிள்ளை, என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆயிரம் வார்த்தை இருந்தது. ஆனால் அவள் கேட்டது என்னை இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கேப்டனைப் பற்றியும் சலூன்காரரைப் பற்றியும் நான் எழுதியதை யாராவது சந்தேகப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். அந்த மத்தியானத்தை மட்டும் அவள் சொன்னது சொன்னபடி வைத்திருக்கிறேன். இனி எந்த ஊரில், எந்தக் கடையில், யார் கேட்டாலும் அதில் ஒரு கல் உப்பு சேர்க்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் அஞ்சலைக்கு அண்ணன்,
உன் கலைவாணிக்குத் தாய்மாமன்,
என்றைக்கும் உன் மச்சான்
தணிகாசலம்